அம்பையிலிருந்து பாளைக்கு வந்துபோகும் பி.காம் மாணவருக்கு: எந்த வேலையில் கையில் காசு நிற்கும்?

கேள்வி இது: "அம்பாசமுத்திரத்திலிருந்து தினமும் செங்கோட்டை ரயிலில் வந்து, பாளையங்கோட்டைக் கல்லூரியில் பி.காம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். மாலையிலும் சனி, ஞாயிறிலும் நேரம் இருக்கிறது. மாதம் எட்டாயிரமாவது வேண்டும், படிப்பும் கெடக்கூடாது. நல்ல சம்பளம் கிடைக்கும் பகுதி நேர வேலை எது?"

முதலில் சம்பளத்தை மாதக் கணக்கில் பார்ப்பதை விட்டுவிடுங்கள். மாணவருக்குக் குறைவாக இருப்பது நேரம். ஆகவே ஒரு மணி நேரத்துக்கு என்ன கையில் நிற்கிறது என்றுதான் எந்த வேலையையும் எடைபோட வேண்டும். வருகிற தொகையிலிருந்து பஸ், பெட்ரோல், டீச் செலவைக் கழியுங்கள். மிச்சத்தை வேலை நேரம், போய்வரும் நேரம், சும்மா காத்திருக்கும் நேரம் மூன்றையும் கூட்டி வகுங்கள்.

நெல்லை வண்ணார்பேட்டையில் ஒரு ஜவுளிக்கடை மாலை 5 முதல் 10 வரை நிற்க மாதம் 6,000 தருகிறது என்று வையுங்கள். 26 நாள், தினம் 5 மணி நேரம், போய்வர ஒரு மணி நேரம். மொத்தம் 156 மணி. மணிக்கு 38 ரூபாய் சொச்சம். இதில் இரவு பத்து மணிக்கு மேல் அம்பைக்குத் திரும்புவது தனிப் பாடு. கடை வேலை கேவலம் என்று சொல்லவில்லை. ஆனால் பி.காம் படிக்கிற ஒருவர் 38 ரூபாய்க்குத் தன் மாலையை விற்க வேண்டியதில்லை.

சாப்பாடு டெலிவரியையும் இதே தராசில் வைத்துப் பாருங்கள். ஒரு மாலையில் ஜங்ஷன், டவுன், பெருமாள்புரம் என்று 60 கிலோமீட்டர் ஓடினால், லிட்டருக்கு 45 கிலோமீட்டர் தரும் வண்டிக்கு ஒன்றேகால் லிட்டருக்கு மேல் பெட்ரோல் போகும். ஆயில், டயர், சர்வீஸுக்கு கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் ஒதுக்கினால் மொத்தச் செலவு 200 ரூபாயை நெருங்கும். ஐந்து மணி நேரத்துக்கு செயலி 500 காட்டினாலும் உங்களுக்கு நிற்பது 300, அதாவது மணிக்கு 60. சொந்த உபயோகத்துக்கென்று எடுத்த வண்டி இன்சூரன்ஸில், கூலிக்கு ஓட்டும்போது விபத்து நடந்தால் இழப்பீட்டை மறுக்க இடமுண்டு. பாலிசித் தாளை ஒருமுறை முழுதாகப் படித்துவிட்டுத்தான் அந்த வேலையில் இறங்க வேண்டும்.

கேட்டரிங் வேலை நம் பக்கம் மாணவர்களுக்குப் பழகிய ஒன்று. முதல்நாள் ராத்திரி டிபன், மறுநாள் காலை முகூர்த்தச் சாப்பாடு என்று ஒரு கல்யாணம் முடிந்ததும் கையில் காசு வந்துவிடும். படிப்பை வாரம் முழுக்க இழுக்காது. குறை என்னவென்றால் மாதாமாதம் வராது. தை, வைகாசி, ஆவணியில் ஆள் போதாது. ஆடியிலும் மார்கழியிலும் வேலையே இருக்காது, புரட்டாசியிலும் சொற்பம்தான். ஒத்துக்கொள்ளும் முன் நான்கு விஷயம் கேளுங்கள்: கூலி ஒரு பந்திக்கா ஒரு விசேஷத்துக்கா, ராத்திரி தங்க இடம் உண்டா, வண்டி யாருடையது, காசு அன்றைக்கேயா. "அடுத்த முகூர்த்தத்துக்குச் சேர்த்துத் தருகிறேன்" என்றால் அந்தக் காசு இழுத்தடிக்கும். இலையில் எது எங்கே விழ வேண்டும், மறுவீட்டுச் சாப்பாட்டில் சொதிக்குப் பின்னால் என்ன வரும் என்று தெரிந்தவருக்கும் வெறும் தண்ணீர் ஊற்றுகிறவருக்கும் கூலி ஒன்றல்ல. அவசரச் செலவுக்கு இது உதவும். மாதம் எட்டாயிரத்துக்கு இதை மட்டும் நம்ப முடியாது.

உங்களுக்கென்று சொல்லவேண்டிய வேலை இரண்டு. கடைக்கணக்கு ஒன்று, டியூஷன் இன்னொன்று. இரண்டையும் அம்பையிலேயே செய்யலாம். ரயில் நேரம் வேலைக்கணக்கில் சேராது.

கடைக்கணக்கை முதலில் பார்ப்போம். ஜி.எஸ்.டி வந்த 2017 முதல் சின்ன ஊர் ஹார்டுவேர் கடை, மருந்துக்கடை, எலக்ட்ரிகல் கடை எல்லோருக்கும் மாதாமாதம் தேதி வைத்த வேலை ஒன்று சேர்ந்துவிட்டது. மாத ரிட்டர்ன் போடுகிறவர்களுக்கு விற்பனை விவரம் அடுத்த மாதம் 11-ம் தேதிக்குள், வரி கட்டும் 3பி ரிட்டர்ன் 20-ம் தேதிக்குள். ஆண்டு விற்றுமுதல் 5 கோடி வரை உள்ளவர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் முறையைத் தேர்ந்துகொள்ளலாம். தமிழ்நாட்டில் அவர்களுக்கு 13-ம் தேதியும் 22-ம் தேதியும் கெடு. 3பி ஒரு நாள் தாமதமானால் 50 ரூபாய், வியாபாரமே இல்லாத மாதத்துக்கு 20 ரூபாய் தினசரி அபராதம் ஏறும். பில் கட்டையெல்லாம் பையில் போட்டு 18-ம் தேதி ஆடிட்டர் ஆபீஸில் கொண்டு கொட்டுவதுதான் பெரும்பாலான அண்ணாச்சிமாரின் வழக்கம். அங்கே அந்த ஒரு வாரத்துக்குக் கை போதாது. உங்களுக்கான இடம் அதுதான்.

தாக்கல் செய்வது ஆடிட்டரோ கடைக்காரரோ ஆகட்டும். பில்களை டேலி என்ற கணக்கு மென்பொருளில் ஏற்றி, கணக்கை நேர் செய்து, தாக்கலுக்குத் தயாராகக் கொடுப்பது மட்டும் உங்கள் பொறுப்பு. கடைக்காரரின் பாஸ்வேர்டை நீங்கள் வைத்துக்கொள்ள வேண்டாம். ஓ.டி.பி உங்கள் செல்போனுக்கு வரும்படி மாற்றவும் வேண்டாம். பின்னால் ஏதாவது பிசகு வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்களாகிவிடுவீர்கள்.

டேலி பிரைமைக் காசு கொடுத்துப் படிக்க வேண்டும் என்றில்லை. எஜுகேஷனல் மோடில் இலவசமாகவே ஓடும். மாதத்தின் 1, 2, 31 தேதிகளில் மட்டும் என்ட்ரி போட விடும், அவ்வளவுதான். உங்கள் வீட்டு மளிகை பில்கள், தெருக்கடையின் பழைய பில்கள் என்று ஐம்பது பில்லை ஏற்றிப் பழகினால் கை வந்துவிடும்.

தப்பு எங்கே நடக்கும் என்று தெரிந்தவருக்குத்தான் இதில் மதிப்பு. ஜி.எஸ்.டி எண் 15 இடம். முதல் இரண்டு மாநில எண், தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்து அந்த வியாபாரியின் பான் எண். 13-வது இடம் அதே பானில் எத்தனையாவது பதிவு என்பதைக் காட்டும், 14-வது பெரும்பாலும் 'இசட்', கடைசி ஒன்று சரிபார்ப்புக் குறி. மங்கிய கார்பன் பில்லில் அது பூஜ்யமா, ஆங்கில 'ஓ'வா என்று குழம்பும். பானில் முதல் ஐந்து எழுத்து, அடுத்த நான்கு எண், கடைசி ஒன்று எழுத்து. ஆக 15 இடத்தில் 3 முதல் 7 வரையும் 12-ம் கண்டிப்பாக எழுத்து, 8 முதல் 11 வரை கண்டிப்பாக எண். இடத்தைப் பார்த்தாலே குழப்பம் தீர்ந்துவிடும்.

இன்னொரு தப்பு செங்கோட்டைக்கு மேற்கே இருந்து சரக்கு எடுக்கும் கடைகளில் வரும். புளியரை தாண்டி கேரளத்திலிருந்து வரும் பில்லில் எண் 32 என்று தொடங்கும். அதற்கு மாநிலம் விட்டு மாநிலம் விற்கும் சரக்குக்கான ஐ.ஜி.எஸ்.டி மட்டும்தான். அதை உள்மாநில விற்பனைபோல சி.ஜி.எஸ்.டி, எஸ்.ஜி.எஸ்.டி என்று இரண்டாகப் பிரித்து ஏற்றினால் மொத்தம் சரியாக இருப்பதுபோலத் தெரியும், ரிட்டர்னில் ஒட்டாது.

வரி விகிதமும் பார்க்க வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் 12, 28 சதவீத அடுக்குகளில் இருந்த பெரும்பாலான சரக்குகள் 5-க்கும் 18-க்கும் மாறிவிட்டன. சிமெண்ட் 28-லிருந்து 18-க்கு வந்தது, மருந்துகளில் பெரும்பாலானவை 12-லிருந்து 5-க்கு. டேலியில் பழைய விகிதத்தோடு கிடக்கும் சரக்குப் பட்டியலைத் திருத்தாமல் விட்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அரிசிக் கடைக்குக் கணக்கு பார்த்தால் ஒன்றைக் கவனிப்பீர்கள்: லேபிள் ஒட்டிக் கட்டிய 25 கிலோ வரையுள்ள பைக்கு 5 சதவீதம், அதற்கு மேல் போனால் வரி இல்லை. 26 கிலோ மூட்டை கடைகளில் நிற்பதற்குக் காரணம் அந்த ஒரு கிலோதான். இதை எல்லாம் கடைக்காரரிடம் பேசத் தெரிந்தால் உங்களைப் பில் எழுதுகிற பையனாகப் பார்க்க மாட்டார்.

கூலி எப்படிக் கேட்பது? மணிக் கணக்கில் கேட்காதீர்கள், கடைக் கணக்கில் கேளுங்கள். மாதம் 100 முதல் 150 பில் வரை உள்ள சின்னக் கடைக்குக் கை பழகியபின் ஐந்து மணி நேரம் போதும். கடைக்கு 1,200 கேட்கலாம். மூன்று கடை சேர்ந்தால் 3,600, வேலை 15 மணி நேரம். "5-ம் தேதிக்குள் எல்லா பில்லும் என் கைக்கு வர வேண்டும், அதற்குப் பின் வரும் கொள்முதல் பில் அடுத்த மாதக் கணக்கில்தான்" என்று முதல் நாளே வாட்ஸ்அப்பில் எழுதிப் போட்டுவிடுங்கள். வாயால் சொன்னது 19-ம் தேதி ராத்திரி யாருக்கும் நினைவிருக்காது. ஆடிட்டர் ஆபீஸில் மாலை வேலை கிடைத்தால் காசு குறைவாக இருந்தாலும் ஆறு மாதம் போங்கள். ஜூன், ஜூலையில் வருமான வரி ரிட்டர்ன் நெருக்கடி இருக்கும், கற்றுக்கொள்ள அதைவிட நல்ல காலம் இல்லை.

டியூஷனுக்கு வருவோம். மணிக் கூலியில் உள்ளூரில் இதற்கு மேல் ஒன்று கிடைப்பது அரிது, ஆனால் நடத்தும் விதத்தில் பலர் கோட்டை விடுகிறார்கள். வீடு வீடாகப் போய் ஒரு பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தால் மாதம் 12 வகுப்புக்கு 2,500 வாங்கினாலும் போய்வரும் நேரம் பாதியைத் தின்றுவிடும். அதே பாடம், அதே வகுப்பு, ஐந்து பிள்ளைகள், உங்கள் வீட்டுத் திண்ணை. ஆளுக்கு 900 வாங்கினால் 4,500, நேரம் 12 மணிதான். பிள்ளைகளுக்கும் மலிவு, உங்களுக்கும் லாபம்.

எல்லாப் பாடமும் எடுக்க ஒத்துக்கொள்ள வேண்டாம். பிளஸ் ஒன், பிளஸ் டூ கணக்குப்பதிவியல் உங்களுக்குக் கைவந்த பாடம், அதை மட்டும் எடுங்கள். எல்லாப் பாடமும் என்று போனால் வீட்டுப்பாடம் எழுதவைக்கும் ஆளாகத்தான் முடியும், அதற்குக் கூலியும் கிடைக்காது. முதல் வகுப்பில் பாடம் நடத்தாதீர்கள். கடைசிப் பரீட்சைத் தாளை வாங்கிப் பாருங்கள். கணக்குப்பதிவியலில் மார்க் போவது பெரும்பாலும் தேய்மானத்திலும், சரிக்கட்டுப் பதிவுகள் இறுதிக் கணக்கில் இரண்டு இடத்தில் வர வேண்டும் என்பதை மறப்பதிலும்தான். கொடுபட வேண்டிய சம்பளத்தை லாப நட்டக் கணக்கில் கூட்டிவிட்டு, இருப்புநிலைக் குறிப்பில் பொறுப்புப் பக்கம் எழுதாமல் விடும் பிள்ளையின் தாளில் இரு பக்கமும் ஒட்டாது. அந்தத் தாளைப் பெற்றோரிடம் காட்டி, "இந்த ஒரு இடத்தில்தான் விடுகிறான், இரண்டு வாரத்தில் சரியாகும்" என்று சொன்னால் போதும். அடுத்த பிள்ளையை அவர்களே கூட்டிவருவார்கள்.

பெரும்பாலும் கெடுவது பண விஷயத்தில். ஃபீஸ் மாதம் 5-ம் தேதிக்குள் முன்பணமாக. மாதத்தைத் தேதியால் கணக்கிடாமல் 12 வகுப்பு என்று எண்ணுங்கள், திருவிழா லீவு, ரயில் தாமதம் எதிலும் சண்டை வராது. "இவன் தம்பியையும் கூட உட்கார வச்சுக்கோங்க, அவன் பாட்டுக்கு எழுதிட்டிருப்பான்" என்று ஒரு வீட்டில் கட்டாயம் கேட்பார்கள். அவன் பாட்டுக்கு எழுத மாட்டான். சிரித்துக்கொண்டே, "தம்பிக்குத் தனியா ஒரு நேரம் போட்டுருவோம்க்கா, பாதி ஃபீஸ் போதும்" என்று முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது. பொதுத்தேர்வு மார்ச்சில் முடிந்ததும் பிளஸ் டூ பிள்ளைகள் போய்விடுவார்கள், ஏப்ரலில் வருமானம் அறுந்துவிடும். அதனால் குழுவைப் பிளஸ் ஒன் பிள்ளைகளாகவே தொடங்குங்கள்.

தமிழ் நன்றாக வருமானால் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு இணையவழியில் தமிழ் சொல்லிக்கொடுப்பதும் நல்ல கூலி தரும். நேரத்தை மட்டும் சரியாகப் பிடிக்க வேண்டும். சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி முன்னால், ஆக நமக்கு மாலை 5 என்றால் அங்கே ஏழரை. துபாய் ஒன்றரை மணி பின்னால். அமெரிக்கக் கிழக்குக் கரைப் பிள்ளைக்குச் சனிக்கிழமை காலை 10 என்றால் நமக்குக் கோடையில் மாலை ஏழரை, குளிர்காலத்தில் எட்டரை. மார்ச்சிலும் நவம்பரிலும் அவர்கள் கடிகாரத்தை மாற்றும் வாரத்தில் பாதி வகுப்புகள் தவறிப்போவது இதனால்தான். பணத்தை அந்தப் பெற்றோரின் இந்திய வங்கிக் கணக்கிலிருந்து யு.பி.ஐ மூலம் அனுப்பச் சொல்வதே சுலபம்.

தமிழ்த் தட்டச்சு தெரிந்த நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. அபிஷேகப்பட்டியில் பல்கலைக்கழகம், பாளையில் வரிசையாகக் கல்லூரிகள் என்று இருக்கும் ஊரில் ஆய்வேட்டுத் தட்டச்சும் மெய்ப்புத் திருத்தமும் ஓயாது. 250 சொல் கொண்ட ஒரு பக்கத்தைத் திருத்தத்தோடு நிமிடத்துக்கு 20 சொல் வேகத்தில் அடித்தால் பன்னிரண்டு பதின்மூன்று நிமிடம், மணிக்கு நான்கைந்து பக்கம். பக்கத்துக்கு 15 ரூபாய்க்கு இறங்கினால் மணிக்கு 75-ஐத் தாண்டாது, 30 கேட்டால் 120 முதல் 150 வரை நிற்கும். 30 கொடுப்பார்களா என்றால், வேலை சுத்தமாக இருந்தால் கொடுப்பார்கள். "ஒரு பக்கம்" என்றால் எத்தனை சொல், எந்த எழுத்தளவு என்பதை முதலில் பேசிக்கொள்ளுங்கள். பாமினி எழுத்துருவில் அடித்த பழைய கோப்பை யூனிகோடுக்கு மாற்றும்போது கொம்பும் காலும் பிரிந்து நிற்கும், 'ஔ' இருக்க வேண்டிய இடத்தில் 'ஒ'வும் 'ள'வும் தனித்தனியாக வரும். கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரிந்தாலும் தேடினால் அகப்படாது. தலைப்புகளுக்கு ஸ்டைல் போட்டு அடித்தால் பொருளடக்கம் தானாக வந்துவிடும். கையால் பக்க எண் போட்டவர்கள் கடைசி நாளில் படும் பாடு கொஞ்சமல்ல. தட்டச்சும் திருத்தமும் செய்யுங்கள். ஆய்வேட்டையே எழுதித் தரக் கேட்டால் எவ்வளவு கொடுத்தாலும் மறுத்துவிடுங்கள். அது அவருடைய பட்டத்துக்கும் கேடு, உங்கள் பெயருக்கும் கேடு.

கல்யாண வீடியோ எடிட்டிங்கிலும் காசு உண்டு. ஆனால் நல்ல கம்ப்யூட்டர் இல்லாமல் இறங்கினால் முதல் வருடக் கூலி தவணைக்கே போகும்.

இனி எதில் ஏமாறக்கூடாது என்பது. வேலைக்குச் சேரப் பணம் கேட்டால், அது ரெஜிஸ்ட்ரேஷன், டெபாசிட், லேப்டாப் என்று எந்தப் பெயரில் வந்தாலும், அது வேலை அல்ல. டேட்டா என்ட்ரி என்று ஆயிரம் பக்கம் அனுப்பி, 98 சதவீதம் பிழையின்றி வர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கி, கடைசியில் "தரம் போதவில்லை, நஷ்ட ஈடு கட்டு" என்று வக்கீல் நோட்டீஸ் போல ஒன்றை அனுப்பி மிரட்டுவார்கள். பயந்து ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். டெலிகிராமில் லைக் போட்டால் காசு என்பார்கள். முதலில் 150, 200 ரூபாய் வரவும் செய்யும், அது தூண்டில் புழு. எல்லாவற்றிலும் மோசமானது "உன் வங்கிக் கணக்கைக் கொடு, மாதம் இவ்வளவு தருகிறேன்" என்பது. அதில் ஓடுவது எங்கோ ஒருவரிடம் திருடிய பணம். கணக்கு முடங்கும், போலீஸ் தேடி வருவது கணக்குக்காரரைத்தான். பணம் போய்விட்டால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் 1930-க்கு அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குக்கு மாறுவதற்குள் நிறுத்திவைக்க அப்போதுதான் வாய்ப்பு.

வருகைப்பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே போனால் தேர்வெழுதுவதே சிக்கலாகும். நவம்பர், ஏப்ரல் செமஸ்டர் மாதங்களில் புதுக் கடை, புது மாணவர் யாரையும் ஏற்காதீர்கள். எங்காவது உங்கள் கூலியில் வரி பிடித்திருந்தால், உங்கள் ஆண்டு வருமானத்துக்கு வரியே வராது என்றால் ரிட்டர்ன் போட்டு அதைத் திரும்ப வாங்கலாம். அதற்குப் பான் எண்ணை இப்போதே எடுத்துவையுங்கள்.

கூட்டிப் பாருங்கள். மூன்று கடை 3,600, ஐந்து பிள்ளைகள் 4,500, ஆக 8,100. நேரம் 27 மணி, பாடம் தயாரிக்க, கடைக்குப் போய்வர என்று 9 மணி சேர்த்தால் 36. மணிக்கு 225 ரூபாய். ஜவுளிக்கடைக் கணக்கோடு இதை வைத்துப் பாருங்கள்.

முதல் கடையைப் பிடிப்பதுதான் கஷ்டம். "வேலை இருக்கா அண்ணாச்சி" என்று போகாதீர்கள். தெரிந்த ஒரு கடைக்கு மாதத்தின் 15-ம் தேதி வாக்கில் போங்கள். 14-ம் தேதிக்குப் பின் 2பி என்ற பட்டியல் ஜி.எஸ்.டி தளத்தில் வந்திருக்கும். சரக்கு கொடுத்தவர்கள் இவர் பெயரில் காட்டிய பில்கள் மட்டும் அதில் இருக்கும். "போன மாதக் கொள்முதல் பில்லையும் 2பி பட்டியலையும் கொடுங்க, காசு வேண்டாம், ஒத்துப் பார்த்துச் சொல்றேன்" என்று கேளுங்கள். ஒவ்வொரு பில்லாக டிக் அடித்து வாருங்கள். பட்டியலில் இல்லாத பில் ஒன்றிரண்டு அநேகமாக அகப்படும். 60,000 ரூபாய் சரக்குக்கு 18 சதவீதம் என்றால் 10,800. கொள்முதலில் கொடுத்த இந்த வரியைத் தான் கட்ட வேண்டிய வரியில் வரவாகக் கழித்துக்கொள்ளலாம், ஆனால் சரக்கு கொடுத்தவர் அந்த பில்லைக் காட்டாதவரை அண்ணாச்சியால் அந்த வரவை எடுக்க முடியாது, தன் கைக்காசைத்தான் கட்ட வேண்டும். எந்த பில், எந்தத் தேதி, யாருக்கு போன் போட வேண்டும் என்று ஒரு துண்டுத் தாளில் எழுதி அவர் கல்லாவில் வைத்துவிட்டு வாருங்கள். அடுத்த நிதியாண்டின் நவம்பர் 30 வரை அந்த வரவை எடுக்க அவகாசம் இருக்கிறது என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள்.